மணிக்கு ஐந்து யூனிட்

மின்னியல் துறையில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவருக்கு அந்தக் கல்லூரியில் ஓம் சார் என்று பெயர். ஓம் விதியை அவர் மாதிரி யாராலும் நடத்த முடியாது, அதனால் வந்த பெயர் என்பார்கள் மாணவர்கள். யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் ‘ஓம்’ போட்டுவிடுவார், அதனால் வந்த பெயர் என்பார்கள் ஆசிரியர் அறையில். இரண்டிலும் உண்மை இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பிரின்சிபல் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பிரின்சிபல் தாவரவியல் படித்த அம்மா. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் அவர் வளர்த்திருந்த தோட்டம்தான் கல்லூரிக்கே பெருமை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் அது மட்டும் பச்சைப்பசேல் என்றிருக்கும். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார். “கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் காதைக் குடுங்க,” என்பார். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் கேட்கும். “தேனீ. நாம செடிகிட்ட அன்பா நாலு வார்த்தை பேசினா செடி பூக்கும். பூத்தா இதுங்க தானா வந்துடும். நான் யாரையும் கூப்பிடல,” என்பார்.

அன்றைக்குத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சில்லை.

“உக்காருங்க சார். நம்ம காலேஜை சூரிய வெளிச்சத்துல ஓட்ட முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஒரே வார்த்தைதான் மேடம். ஆனா அதைக் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆகும்.”

“நிர்வாகக் குழு மூணு வாரம் கழிச்சுத்தான் கூடுது, சரியா இருக்கும். அவங்க ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. நமக்கு வேண்டிய கரண்ட்ல முக்கால் பங்காவது நம்ம மொட்டை மாடியிலேருந்தே வரணுமாம். வரும்னா பேனல் போடுவாங்க. வராதுன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாதாம்.”

ஓம் சார் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தார்.

துணைக்குக் கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு டெஸ்டரைக் குத்தியிருப்பார். அதனால் ஆளின் பெயரே டெஸ்டர் ஆகிவிட்டது. யாருக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். நாக்கு மட்டும் ஒரு இடத்தில் நிற்காது.

நாலு நாள் இரண்டு பேரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார்கள். மூன்றாவது மாடியில்தான் டெஸ்டர் ஒரு உண்மையைச் சொன்னார். அவருக்கு உயரம் என்றால் பயமாம். பத்து வருஷமாக ஏணியில் மூன்று படிக்கு மேல் அவர் ஏறியதே இல்லையாம். அதற்கப்புறம் ஒவ்வொரு மாடியிலும் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை, ஓரம் வரைக்கும் நடந்துபோவது ஓம் சார் வேலை என்று ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் எங்கே விழுகிறது, உச்சியில் எங்கே, மூன்று மணிக்கு எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டார்கள். நூலக மாடியில் கால் உடைந்த நாற்காலிகள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு கிடந்தன. நிழல் விழும் இடம், தொட்டி நிற்கும் இடம், ஆள் நடக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், எல்லா மாடிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு அறுநூற்று நாற்பது யூனிட் கொடுக்கும் என்று தெரிந்தது.

மெயின் மீட்டரின்படி கல்லூரி ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் யூனிட் செலவழித்தது. அதில் முக்கால் பங்கு அறுநூற்று எழுபத்தைந்து. வெறும் முப்பத்தைந்து யூனிட் இடித்தது.

‘செலவுல அம்பது யூனிட்டைக் குறைச்சா போதுமே,’ என்று நினைத்தார் ஓம் சார். ‘எங்க வீணாப் போகுதுன்னு பார்த்துட்டா முடிஞ்சுது.’

மறு வாரம் அறை அறையாகப் போய், என்னென்ன சாமான் கரண்டில் ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கப் புறப்பட்டார். எந்த அறைக்குப் போனாலும் இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன். அதற்கு மேல் எதுவும் இல்லை. கணக்குப் பிரிவில் அந்த ஃபேனும் நின்றிருந்தது. நாலு பேர் வேர்வை வடிய உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். “பழகிடுச்சு சார்,” என்றார் தலைமைக் கணக்காளர். நூலகர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் புத்தகத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை. ஆனால் அறை முழுக்க அவித்த முட்டை வாடை.

மூன்று நாள் எழுதி, எல்லாவற்றையும் கூட்டினால் நானூற்று எண்பது யூனிட்தான் வந்தது. மீட்டர் சொல்வது தொள்ளாயிரம். மீதி நானூற்று இருபதும் எங்கே போகிறது?

காரணம் அவருக்கு வீட்டில்தான் கிடைத்தது.

அவருடைய மனைவி அதே கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு வார்டன். குடியிருப்பதும் விடுதியை ஒட்டிய இரண்டு அறை வீட்டில். அன்று மதியம் சாப்பிட வந்த ஓம் சார், கட்டிலுக்கடியில் போய்விட்ட செருப்பைக் காலால் துழாவினார். கால் எதிலோ டங்கென்று இடித்தது. குனிந்து பார்த்தார். ஒரு கெட்டில். அதற்குப் பின்னால் இன்னொரு கெட்டில். தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். நாற்பத்தொரு கெட்டில், தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டர் கம்பி பதினேழு, தேய்ப்புப் பெட்டி ஒன்பது. ஒவ்வொன்றிலும் அறை எண் எழுதின சீட்டு ஒட்டியிருந்தது.

சாப்பாட்டுத் தட்டோடு வந்த வார்டனம்மா வாசற்படியில் நின்றார்.

“ஏங்க, அதையெல்லாம் எதுக்கு வெளிய எடுக்கறீங்க?”

“மூணு நாளா இதுங்க மேலயா படுத்துத் தூங்கறேன்?”

“நீங்க எங்க படுத்தாலும் தூங்குவீங்க.”

“முந்தாநாள் நான் கேட்டப்ப என்ன சொன்னே? என் ஹாஸ்டல்ல ஒரு கெட்டில்கூடக் கிடையாதுன்னு சொன்னியா இல்லையா?”

“ஆமா, சொன்னேன். ஹாஸ்டல்ல இப்ப ஒண்ணுகூட இல்லைதானே?” என்று தட்டை மேஜையில் வைத்தார். “நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க. மறுநாள் ஆபீஸ்லேருந்து வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவாங்க. பரீட்சை நேரத்துல அந்தப் பொண்ணுங்க வெந்நீருக்கு யார்கிட்டப் போய் நிப்பாங்க? குளிக்கற ரூம் குழாயில வர்ற தண்ணியை ஒரு நாள் நீங்க தலையில ஊத்திப் பாருங்க, அப்புறம் பேசலாம்.”

“நான் பறிமுதல் பண்ணவா வந்தேன்? அளக்கத்தானே வந்தேன்?”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ‘நாளைக்கு சார் செக்கிங் வர்றார், பார்த்து நடந்துக்குங்க’ன்னு டெஸ்டர் அண்ணன் கதவைத் தட்டித் தட்டிச் சொல்லிட்டுப் போனார்.”

ஓம் சார் சாப்பிடாமல் எழுந்தார். பிறகு பசித்ததால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுந்தார். டெஸ்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை.

“ஆமா சார், எல்லா ரூமுக்கும் சொன்னேன். நீங்க திடீர்னு உள்ள வந்தா அவங்களுக்குச் சங்கடம், அவங்களைப் பார்த்தா உங்களுக்குச் சங்கடம். எதுக்கு?”

வார்டனம்மாவே ஒரு வழி சொன்னார். யார் என்ன வைத்திருந்தாலும் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும், யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று அறிவித்துவிடலாம். பிரின்சிபலும் சம்மதித்தார். நூலக வாசலில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார்கள்.

முதல் நாள் மூன்றே மூன்று சீட்டு விழுந்தது. இதைப் பார்த்து மனசு கேட்காத டெஸ்டர், ஓம் சாருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். “லிஸ்ட்ல இல்லாத சாமானுக்கு சோலார் கரண்ட் ஏறாதாம்ங்க. அது அப்படித்தானாம்.”

மறுநாள் மதியத்துக்குள் பெட்டி நிரம்பிவிட்டது. பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தார்கள். சாயங்காலம் அதுவும் நிரம்பியது.

ஓம் சார் தன் அறையில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியும் பாதிப் பேர் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். வரலாற்றுத் துறையில் இரண்டு ஏசி. வரலாற்றுத் துறையில் ஏசி மாட்டுவதற்குச் சுவரே கிடையாது, நாலு பக்கமும் அலமாரி. இலக்கியத் துறையில் ஒரு லிஃப்ட். அந்தத் துறை தரைத்தளத்தில் இருந்தது. நேரில் போய்க் கேட்டால், துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எங்களை எப்ப வேணும்னாலும் மேல மாத்தலாம் சார். முன்கூட்டியே பதிஞ்சு வச்சா நல்லதுதானே?” என்றார். விளையாட்டு ஆசிரியர் எழுதிப் போட்ட சீட்டில் ‘கரண்ட் நாற்காலி – 1’ என்று இருந்தது. ஓம் சார் ஓடிப்போய்ப் பார்த்தால், அது முதுகு பிடித்துவிடுகிற நாற்காலி.

இப்போது கூட்டினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூனிட்.

“முதல்ல எல்லாரும் ஒளிச்சாங்க. இப்ப இல்லாததையெல்லாம் சேர்த்து எழுதறாங்க,” என்றார் மனைவியிடம். “உள்ளது உள்ளபடி சொல்ல இந்தக் காலேஜ்ல ஒரு ஆளு கிடையாதா?”

“ஆளுங்களை ஏன் கேக்கறீங்க? ஒயரைக் கேளுங்க,” என்றார் வார்டனம்மா. அவர் அதைச் சும்மா வாய் வார்த்தையாகத்தான் சொன்னார். ஓம் சாருக்கு அது சரியாகப் பட்டது.

கூட்டத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், மின்பகிர்வு அறைக்குப் போனார். டெஸ்டரையும் கூடவே கூட்டிக்கொண்டார். வேலைக்காக அல்ல, கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ள. ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகிற ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வது. பிறகு அந்தக் கட்டடத்தின் சுவிட்சை ஒரு நிமிஷம் இறக்குவது. கட்டடங்கள் நெருங்கி நின்றதால் அங்கே கத்துகிறது இங்கே நன்றாகக் கேட்கும். எத்தனை கரண்ட் என்று மீட்டர் சொல்லும், எதில் என்று கத்துகிறவர்கள் சொல்வார்கள்.

நூலகத்தை இறக்கினார். இருபது வருஷமாக மாணவர்களை ‘உஷ்’ என்று அடக்கிவந்த நூலகர், இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி, “ஐயோ, என் முட்டை!” என்றார்.

“எழுதுங்க. முட்டை அவிக்கற மெஷின்,” என்றார் ஓம் சார். டெஸ்டர் எழுதினார்.

வேதியியல் கூடத்தை இறக்கினார். “ஐஸ்கிரீம் உருகிடும், யாரும் ஃபிரிட்ஜைத் திறந்துடாதீங்க!” என்று ஒரு பெண் குரல். ஆசிட் வைக்க வாங்கின ஃபிரிட்ஜ் அது. டெஸ்டர் முகம் வாடியது. “அங்க நானும் ரெண்டு கப் வச்சிருக்கேன் சார், சீக்கிரம் போடுங்க.”

கணக்குப் பிரிவை இறக்கியதும் தலைமைக் கணக்காளரின் குரல், “கால் ஹீட்டர் போயிடுச்சு, ஏசியும் போயிடுச்சு” என்றது. பட்டியல் எடுத்த அன்றைக்கு அட்டை வைத்து மறைத்திருந்த கூரை ஏசி இப்போது அங்கே பதினெட்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர் தாங்காமல் மேஜைக்கடியில் நாலு பேரும் ஆளுக்கொரு ஹீட்டரில் காலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏசியை நிறுத்தினால் ஹீட்டரையும் நிறுத்திவிடலாமே என்று பிறகு கேட்டதற்கு, “ஏசி போட்டாத்தான் சார் ஆபீஸ் மாதிரி இருக்கு,” என்றார் அவர்.

கணிதத் துறையை இறக்கினார். சத்தமே இல்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் டெஸ்டரே பயந்துபோய் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். “எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க சார். கரும்பலகையில ஏதோ போட்டுக்கிட்டிருக்காங்க. கரண்ட் போனதையே யாரும் கவனிக்கல.”

இரண்டு நாள் இப்படியே போயிற்று. விடுதியில் மட்டும் சுவிட்சை இறக்க வேண்டியிருக்கவில்லை. வார்டனம்மாவே மாணவிகளை வரிசையில் நிறுத்தி, யார் எத்தனை மணிக்கு என்ன போடுகிறார்கள் என்று நிமிஷக் கணக்காக எழுதிக் கொடுத்துவிட்டார். கெட்டில்களும் கட்டிலுக்கடியிலிருந்து சொந்த அறைகளுக்குத் திரும்பிப் போயிருந்தன.

எல்லாம் கூட்டினால் எழுநூற்று எண்பது. இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடமில்லை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ஆள் இருந்தார். ஆனால் மீட்டர் காட்டுவது தொள்ளாயிரம். நூற்று இருபது யூனிட்டுக்கு மட்டும் ஆள் இல்லை.

நல்ல வேளையாக அடுத்து இரண்டு நாள் விடுமுறை வந்தது. விடுதியும் காலி. முதல் நாள் காலை ஓம் சாரும் டெஸ்டரும் மறுபடி மின்பகிர்வு அறைக்குப் போய் எல்லாக் கட்டடத்தையும் ஒன்று விடாமல் இறக்கினார்கள். கல்லூரியில் ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு ஃபேன் சுற்றவில்லை. மெயின் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஐந்து யூனிட்.

“இருபத்தினாலு மணி நேரத்துக்கு நூத்தி இருபது,” என்றார் ஓம் சார். “எவனோ ராத்திரி பகலா இழுக்கறான்.”

“நான் இல்ல சார்,” என்றார் டெஸ்டர்.

தேடியதில், பழைய பலகையின் கீழ் மூலையில், ஒட்டடைக்குப் பின்னால், பெயர் எழுதாத ஒரு சுவிட்ச் அகப்பட்டது. இது எங்கே போகிறது என்று டெஸ்டருக்கும் தெரியவில்லை. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் இருக்கிறதாம். தொட வேண்டாம் என்று முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனாராம், ஏன் என்று இவரும் கேட்கவில்லையாம்.

ஓம் சார் அதை இறக்கினார். மீட்டர் நின்றது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவருடைய போன் அடித்தது. பிரின்சிபல்.

“சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் தோட்டத்துல நடந்துக்கிட்டிருக்கேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. தேனீ எல்லாம் ஒரே நேரத்துல நின்னுடுச்சு.”

“என்ன மேடம்?”

“சத்தமே இல்ல சார். இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. பூகம்பம் வர்றதுக்கு முன்னாடி ஜீவராசிங்க இப்படி அடங்கிடும்னு படிச்சிருக்கேன். அதான், உங்க பக்கம் ஏதாவது ஆடுதான்னு கேக்கலாம்னு…”

ஓம் சார் தான் கை வைத்திருந்த சுவிட்சைப் பார்த்தார். மெதுவாக அதை ஏற்றினார்.

“ஆ! வந்துடுச்சு. அப்பாடா. வந்துடுச்சு சார்,” என்றது போன்.

மறுபடி இறக்கினார்.

“ஐயோ, திரும்ப நின்னுடுச்சே!”

டெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். “மேடம், இங்க ஒண்ணும் ஆடல, என்னன்னு பார்த்துட்டு நேர்ல வர்றேன்,” என்று சொல்லி ஓம் சார் போனை வைத்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே தோட்டத்துக்குப் போகாமல், முதலில் ஒயர் போன வழியே போனார்கள். அது தோட்டத்துக்கு அப்பால் பின்மதிலோரம், கொடி மூடிக் கிடந்த ஒரு சின்ன அறையில் போய் முடிந்தது. துருப்பிடித்த கதவை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு பெரிய தண்ணீர் மோட்டார். சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையில், பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு, ‘நீச்சல் குளம் – பணி நடைபெறுகிறது’ என்று எழுதியிருந்தது. முன்னொரு பிரின்சிபல் காலத்தில் நீச்சல் குளம் கட்டுவதாக மோட்டாரை முதலில் போட்டுவிட்டு, குளத்தைத் தோண்டாமலே விட்டிருக்கிறார்கள். மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. குழாயின் மறுமுனை மண்ணுக்குள் புதைந்து, அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த நிலம் முழுவதையும் பதினொரு வருஷமாக இரவும் பகலும் நனைத்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஓம் சார் வீட்டில் முன்னும் பின்னும் நடந்தார்.

“அறிக்கையில இதைப் போட்டாத்தான் கணக்கு நேராகும். போட்டா அந்தம்மா தலைகுனிஞ்சு போயிடுவாங்க. போடாம விட்டா பேனல் கிடையாது. நான் என்ன பண்ணட்டும்?”

“போய் அவங்ககிட்டயே சொல்லுங்க,” என்றார் வார்டனம்மா.

“எப்படிச் சொல்றது? ‘மேடம், உங்க தேனீ அஞ்சு யூனிட் இழுக்குது’ன்னா?”

“அப்படியே சொல்லுங்க. சுத்தி வளைச்சா உங்களுக்குச் சொல்ல வராது. குழு நடுவுல வேற எவனாவது கண்டுபிடிச்சு சொல்றதுக்கு, நீங்க தனியாச் சொல்றது மேல். நேரத்தைக் கடத்தாம கிளம்புங்க.”

பிரின்சிபல் தோட்டத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓம் சார் பக்கத்தில் நின்றுகொண்டு, மோட்டார் என்று தொடங்கி, குழாய் என்று தடுமாறி, எப்படியோ சொல்லி முடித்தார். அந்தம்மா செடிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். மோட்டார் நின்றிருந்ததால் ஒரு சத்தமும் இல்லை.

“எத்தனை பேரைக் கண்ணை மூடச் சொல்லியிருக்கேன்,” என்றார். “போன வருஷம் வந்த துணைவேந்தர் அழுதே போயிட்டார் சார். மோட்டார் சத்தத்தைக் கேட்டா அழுதார்?”

ஓம் சார் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார். “தண்ணி ஊத்தினா மட்டும் செடி வந்துடாது மேடம். நான் எங்க வீட்டு ஜன்னல்ல மூணு தொட்டி வச்சேன். தண்ணி ஊத்தி ஊத்தியே மூணும் அழுகிப் போச்சு. இங்க எந்தச் செடியை எங்க வச்சா பிழைக்கும்னு பார்த்து வச்சது நீங்க. மோட்டாருக்கு அது தெரியாது.”

பிரின்சிபல் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நிஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல ஆறுதலுக்கா?”

“எனக்கு ஆறுதல் சொல்ல வராது மேடம். வீட்ல கேட்டுப் பாருங்க.”

அதைக் கேட்டு அவர் சிரித்தார். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை நேரம் ஓட விட்டால் தோட்டம் காயாமல் இருக்கும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் போதும் என்று முடிவாயிற்று.

குழுக் கூட்டத்தில் ஓம் சார் எழுந்து நிற்பதற்குள் பிரின்சிபலே எழுந்துவிட்டார். “நம்ம சார் அளந்ததுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது எழுநூத்தி எண்பத்தஞ்சு யூனிட். மாடி குடுக்கறது அறுநூத்தி நாப்பது. முக்கால் பங்குக்கு மேலேயே வருது. ரெண்டாவது, பதினோரு வருஷமா நான் ஒரு மோட்டாரைத் தேனீன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். முதல் விஷயத்தை மட்டும் மினிட்ஸ்ல எழுதுங்க.”

குழுத் தலைவர் பேனாவை மூடிக்கொண்டு, அந்தத் தேனீயைப் பற்றித் தான் இரண்டு மேடைகளில் பேசியிருப்பதாகச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேனலுக்கு ஒப்புதல் கிடைத்தது. விடுதிப் பெண்களுக்கு வெந்நீர் கிடைக்கிற மாதிரி மாடியில் ஒரு சோலார் ஹீட்டரும் வேண்டும் என்று ஓம் சார் கேட்டார். அதற்கும் சரி என்றார்கள். ஏசி, கால் ஹீட்டர் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து பேனல் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். விடுதி மாடியில்தான் முதல் வேலை. இன்ஜினியர் வரைபடத்தை விரித்துக்கொண்டு படியேறினால், மாடிக் கதவுக்கு முன்னால் வார்டனம்மா இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். பின்னால் வாளிகளோடு ஏழெட்டுப் பெண்கள்.

“ஒரு போல்ட்கூட உள்ள போகாது,” என்றார் வார்டனம்மா.

தகவல் போய் ஓம் சார் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாடி முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், துணி காய்ந்துகொண்டிருந்தது. இருநூறு பெண்களின் துணி. அவர் போட்ட வரைபடத்தில் பேனல்கள் முழங்கால் உயரத்தில் அந்த மாடியை முழுசாக மூடியிருந்தன.

“நான் அளந்தப்ப இங்க ஒரு கைக்குட்டைகூட இல்லையே!” என்றார்.

“சாருக்குச் சங்கடமா இருக்கும்னு முதல் நாளே எடுத்துடச் சொன்னேன் சார்,” என்றார் கீழ்ப்படியில் நின்ற டெஸ்டர்.

அரை மணி நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிறகு ஓம் சார் சொன்னார்: பேனலைத் தாங்குகிற கால்களை ஏழடி உயரத்துக்குத் தூக்கிவிடலாம். மேலே பேனல், கீழே கொடி. இன்ஜினியர் யோசித்தார். காற்றுக்குத் தாங்கணும், கால் கனமாகப் போடணும், கொடியைக் கால்களில் கட்டினால் அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணும் என்றார். “ஈரத் துணி எவ்வளவு இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

வார்டனம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் விடுதி மருத்துவ அறைக்கு ஓடிப்போய் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நனைந்த போர்வைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்து, எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். படியெல்லாம் தண்ணீர் வழிந்தது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, வரைபடத்தில் பேனலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘துணிக்கொடி’ என்று எழுதினார். கொடி நேராக இல்லை, ஒரு பக்கம் தொய்கிறது என்று வார்டனம்மா சொன்னார். இன்ஜினியர் அழித்துவிட்டு, ஸ்கேல் வைத்து மறுபடி போட்டார்.